அண்டிரிக் அடிகளாரின் ஆஸ்பத்திரி

நம் ஊர்ப் பிள்ளைகளிடம் அண்டிரிக் அடிகளார் யார் என்று கேட்டுப் பாருங்கள். தமிழில் முதன்முதலாகப் புத்தகம் அச்சடித்தவர் என்று பட்டென்று பதில் வரும். 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி கொல்லத்தில் அச்சான 16 பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ அவருடைய வேலை. தமிழ் அச்சுத் தந்தை என்ற பட்டம் அவருக்குப் பொருந்தும். அவர் வாழ்ந்த ஊர் நம் புன்னக்காயல் என்பதில் நாம் பெருமைப்படுவதும் நியாயம்தான்.

ஆனால் அந்த 16 பக்கத்துக்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே அவர் இதே ஊரில் வேறொரு காரியம் செய்தார். ஏழை நோயாளிகளுக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்டினார். அதை நாம் மேடையில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். இந்த இதழில் அவர் வாழ்க்கையை அந்த ஆஸ்பத்திரியின் பக்கமிருந்து எழுதலாம் என்று தோன்றியது. அதற்குக் காரணம் உண்டு.

போன காலாண்டுக் கூட்டத்தில், நம் ஊரில் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கிற குடும்பங்களுக்குச் சங்கம் என்ன செய்யலாம் என்ற பேச்சு வந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். வீட்டுக்கு வந்தபிறகுதான் கவனித்தேன், யாருமே மருந்தைப் பற்றிப் பேசவில்லை. பஸ் செலவு, கூடப் போக ஆள், அங்கே தங்க இடம், வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு பொங்க ஒரு கை, வாய் வெந்துபோனவருக்கு என்ன கொடுப்பது, டாக்டர் சொன்னதை யார் விளங்க வைப்பது என்று பேச்சு இப்படியேதான் ஓடியது. அண்டிரிக் அடிகளாரின் ஆஸ்பத்திரியும் ஏறக்குறைய இந்தக் காரியங்களுக்காக எழுந்ததுதான்.

அவருடைய சொந்தப் பெயர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். போர்த்துகல் நாட்டின் விலா விசோசா என்ற ஊரில் 1520-ஆம் ஆண்டு பிறந்தார். யூத வழியில் வந்த குடும்பம். அந்தக் காலத்துப் போர்த்துகலில் யூதர்களைக் கட்டாயமாக ஞானஸ்நானம் பெறவைத்துப் ‘புதுக் கிறிஸ்தவர்’ என்று பெயரிட்டு, தலைமுறை தாண்டியும் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தார்கள். இளைஞரான ஹென்றிக்கஸ் முதலில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். பூர்வீகம் தெரிந்ததும் வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறகு கொயிம்பிரா பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் படித்தார். 1545-இல் இயேசு சபையில் சேர்ந்தார். அங்கேயும் சிக்கல் இருந்தது. வேறொரு சபையில் இருந்து விலகியவரைச் சேர்ப்பதற்கு விதி இடம் தரவில்லை. விலக்கு வாங்கித்தான் அவரை வைத்துக்கொள்ள முடிந்தது.

சொந்த நாட்டில் இரண்டாந்தரமாக நடத்தப்பட்ட ஒருவர் கப்பலேறி வந்து, தன் வாழ்நாள் முழுவதையும் நம் கரையில் கழித்தார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதே காலத்தில் கோவாவில் இருந்த கார்சியா த ஓர்தா என்ற பெரிய வைத்தியரும் புதுக் கிறிஸ்தவர்தான். இந்திய மூலிகைகளைப் பற்றி 1563-இல் புகழ்பெற்ற நூல் வெளியிட்டவர். அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்து, 1580-இல், விசாரணைக்காரர்கள் அவர் எலும்பைக் கல்லறையிலிருந்து தோண்டியெடுத்து எரித்தார்கள். அண்டிரிக் அடிகளாருக்கு அந்தக் கதி நேரவில்லை. ஆனால் அந்தக் காற்று அவரைச் சுற்றியும் அடித்தது.

1546-இல் கோவா வந்தார். 1547-இல் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்தான் இந்தக் கரையின் பரதவர்கள் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். 1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் ஊர் ஊராக நடந்து செபங்களைச் சொல்லிக் கொடுத்திருந்தார். சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. உதவியாளர்கள் மொழிபெயர்த்துத் தந்ததை மனப்பாடமாகச் சொன்னார். அதில் நேர்ந்த தப்பு ஒன்று பிரசித்தம். விசுவாச மந்திரத்தில், விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஊர் ஊராக ஜனங்கள் அதையே திருப்பிச் சொன்னார்கள். தவறு தெரிந்ததும் சவேரியாரே கடிதம் எழுதித் திருத்தச் சொன்னார்.

அண்டிரிக் அடிகளார் வந்தபோதும் முதலில் துபாஷி வைத்துத்தான் பேசினார். கொஞ்ச நாளில் அது சரிப்படாது என்று தெரிந்துகொண்டார். பிரசங்கத்துக்குத் துபாஷி போதும். படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவர் தன் பாவத்தையும் பயத்தையும் காதோடு சொல்ல வரும்போது நடுவில் மூன்றாவது ஆள் நிற்க முடியுமா? ராத்திரி பகலாக உட்கார்ந்து இலக்கணம் படித்தார். வேற்றுமை, காலம், இடம் என்று லத்தீன் இலக்கண முறையில் பிரித்துப் பிரித்துக் குறித்துக்கொண்டார். சில மாதங்களில் துபாஷியை நிறுத்திவிட்டுத் தாமே தமிழில் பேசத் தொடங்கினார். அந்தக் குறிப்புகளிலிருந்து வளர்ந்ததுதான் ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் தமிழ் இலக்கணம். அதன் கையெழுத்துப் பிரதி லிஸ்பனில் இன்றும் இருக்கிறது. பின்னால் வரும் குருக்கள் தம்மைப் போலத் தட்டுத் தடுமாறாமல் சீக்கிரம் பேசப் பழகவேண்டும் என்பதற்காகவே அதை எழுதினார்.

1549-இல் இந்தக் கரையின் சபைத் தலைவராக இருந்த அந்தோனியோ கிரிமினாலி வேதாளையில் நடந்த சண்டையில் கொல்லப்பட்டார். கூட இருந்தவர்கள் சேர்ந்து அண்டிரிக் அடிகளாரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 29. உடம்பு அடிக்கடி படுத்துகிற ஆள். யூதப் பூர்வீகம் என்ற முணுமுணுப்பு வேறு. ஆனாலும் ஜனங்களோடு அவர்கள் பாஷையில் பேசத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பது எல்லாவற்றையும் மிஞ்சி நின்றது. ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பொறுப்பில் இருந்தார். தாமிரபரணி கடலில் சேருகிற நம் புன்னக்காயல்தான் அவருக்குத் தலைமை இடம். போர்த்துகீசியக் கேப்டனும் சிப்பாய்களும் இருந்ததும் அப்போது இங்கேதான்.

ஆஸ்பத்திரி பிறந்தது அந்த முதல் ஆண்டுகளில், 1550-ஐ ஒட்டி.

அதன் செலவு எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. லிஸ்பனிலிருந்து ராஜா பணம் அனுப்பி நடந்த ஆஸ்பத்திரி அல்ல அது. ஊர் ஜனங்கள் போட்ட தருமமும், குற்றம் செய்தவர்களிடம் வாங்கிய அபராதமும் அதற்குப் போயின. குடித்துவிட்டுச் சண்டை போட்டவன் கட்டிய பணம் காய்ச்சல்காரன் கஞ்சிக்கு ஆனது என்று வைத்துக்கொள்ளலாம். அபராதம் போட்ட முறை எல்லாம் இன்றைக்கு நாம் ஒத்துக்கொள்ளக் கூடியதாக இருந்திருக்காது. அடிகளார் அந்தக் காலத்து மிஷனரி. பழைய கும்பிடுகளை விட்டுக்கொடுக்காதவர்களிடம் கடுமையாகவே நடந்துகொண்டார். அதை மறைத்து எழுதவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் வசூலான காசு எங்கே போனது என்பதையும் சொல்லவேண்டும் அல்லவா?

கோவாவில் 1510 முதலே போர்த்துகீசிய ராஜாவின் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அது கப்பலில் வந்து விழுகிற சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும். புன்னக்காயல் ஆஸ்பத்திரி இந்த மண்ணின் ஏழைகளுக்கு. அந்த வித்தியாசத்தை அடிகளார் ரோமாபுரிக்கு எழுதிய கடிதங்களில் சந்தோஷமாகத் தெரிவிக்கிறார். உள்ளூர் ஜனங்கள் தாங்களே கொடுத்து ஒரு நோயாளி வீட்டை நடத்துவது மற்றவர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது என்பதும் அவர் தரும் செய்தி.

இங்கே ஒரு திருத்தம் சொல்லியாகவேண்டும். இந்தியாவின் முதல் ஆஸ்பத்திரி நம் ஊரில்தான் என்று விழா நோட்டீஸ்களில் போடுகிறோம். அது சரியல்ல. காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டு. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றி அது பேசுகிறது. வைத்தியர், அறுவை வைத்தியம் செய்பவர், மூலிகை கொண்டு வருபவர்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர் என்று ஒவ்வொருவருக்கும் என்ன கூலி, நோயாளிக்கு அன்றாடம் எவ்வளவு அரிசி என்று கணக்கு வெட்டி வைத்திருக்கிறார்கள். அது ராஜாவும் கோயிலும் நடத்தியது. நம்முடையது கடற்கரை ஜனங்கள் காசு போட்டு நடத்தியது. ‘முதல்’ என்ற சொல் இல்லாமலே நமக்கு அந்தப் பெருமை போதும்.

இரண்டுக்கும் பொதுவான விஷயம் ஒன்றும் உண்டு. அந்த நாளில் ஐரோப்பாவிலும் சரி இங்கேயும் சரி, ஆஸ்பத்திரி என்பது முதலில் படுக்க ஒரு இடம். பிறகு கஞ்சி, துணி மாற்ற ஒரு ஆள், பக்கத்தில் உட்கார ஒருவர். வைத்தியம் அதற்கப்புறம். குணமாக்கத் தெரிந்த நோய்கள் மிகக் குறைவு. இன்று நாம் புற்று என்கிற நோய் அன்றும் இருந்தது. கரையானின் புற்றைப் போல வளர்ந்து புடைப்பதைப் பார்த்துத் தமிழன் ‘புற்று’ என்றான். நண்டின் கால்போல நரம்பு பரவுவதைப் பார்த்துக் கிரேக்கர்கள் அதற்கு நண்டின் பெயரை வைத்தார்கள். பெயர் வைக்கத் தெரிந்ததே தவிர, உள்ளே போய்விட்ட புற்றைத் தீர்க்க எந்த வைத்தியராலும் முடியவில்லை. அப்படிப்பட்டவர் ஒருவர் வந்து படுத்தால் செய்யக்கூடியது கூட இருந்து பார்ப்பது ஒன்றே.

இப்போது நிலைமை தலைகீழ். நம்மிடம் வைத்தியம் இருக்கிறது. தூத்துக்குடி, திருநெல்வேலி, மதுரை, திருவனந்தபுரம் என்று எங்கேயாவது போனால் ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைப்பது எல்லாம் நடக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பெரும்பகுதிச் செலவு போய்விடுகிறது. ஆனால் கரண்ட் வைப்பது ஒரு நாள் வேலை அல்ல. பல நோய்களுக்கு ஐந்து ஆறு வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போகவேண்டும். மெஷினில் படுக்கிற நேரம் சில நிமிஷம். அதற்காக நாள் முழுக்கப் போய்விடும். கூடப் போகிறவர் அந்த ஆறு வாரமும் கடலுக்குப் போக முடியாது. அந்த நஷ்டத்துக்குக் காப்பீடு கிடையாது.

எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். மைனிக்கு வாயில் புற்று வந்தது. வெளியூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வைத்தியம். நல்ல வைத்தியம்தான், குறை சொல்ல மாட்டேன். மூன்றாவது வாரத்தில் வாயெல்லாம் வெந்து எச்சில் விழுங்க முடியவில்லை. அது சிகிச்சையால் வருவது, முடிந்தபிறகு மெல்ல ஆறும் என்று எங்களுக்கு யாரும் விளங்கும்படி சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நோய் முற்றிவிட்டது என்று நினைத்து மைனி நான்கு நாள் போகாமல் இருந்துவிட்டார்கள். பிறகு ஒரு நர்ஸ் போனில் கால் மணி நேரம் பேசினார். பொறுமையாக, நம் பேச்சில். என்ன சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது, எப்படிக் கொப்பளிக்கவேண்டும் என்று சொன்னார். மறுநாளே மைனி கிளம்பிவிட்டார்கள். அந்தக் கால் மணி நேரத்துக்கு எந்தப் பில்லிலும் விலை போட்டிருக்கவில்லை.

உலகம் முழுக்க நோயாளிகளிடம் உங்களுக்குக் கிடைக்காமல் போனது என்ன என்று கேட்டு ஆராய்ச்சி செய்கிறார்கள். திரும்பத் திரும்ப முன்னால் வருவது இரண்டு. என் உடம்பில் என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கும்படி யாராவது சொல்லவேண்டும் என்பது ஒன்று. என் பயத்தைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்பது இன்னொன்று. வலி, களைப்பு, வீட்டு வேலை, பணம் எல்லாம் அவற்றோடு சேர்ந்து வருகின்றன. 1547-இல் துபாஷியை அனுப்பிவிட்டு அடிகளார் தமிழ் படிக்க உட்கார்ந்ததும் ஏறக்குறைய இதே இரண்டுக்காகத்தான்.

வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண் மருத்துவர் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்து, குணமாகாத நோயாளிக்கும் வலியில்லாமல் வாழ உரிமை உண்டு என்று காட்டினார். நம் நாட்டில் மார்ஃபின் மருந்துக்கு 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் பெரிய முட்டுக்கட்டையாக இருந்தது. 2014-இல் சட்டத்தைத் திருத்தி இளக்கினார்கள். பக்கத்துக் கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் பிறகு ஊர் ஊராகப் பரவியது. அங்கே அக்கம்பக்கத்தார் சின்னச் சின்னத் தொகை போட்டு, பயிற்சி பெற்ற தொண்டர்களை நோயாளி வீட்டுக்கே அனுப்புகிறார்கள். கடைக்காரர், பஸ் கண்டக்டர், காலேஜ் பிள்ளைகள் எல்லாம் அதில் உண்டு. நம் மாநிலத்தில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் படுத்த படுக்கையானவர்களுக்கு வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சை உண்டு. சுகர், பிரஷர் மாத்திரைக்கு மட்டும்தான் அது என்று நம் ஊரில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை, வலி நிவாரணத்துக்கும் கேட்கலாம்.

ஊர்க் காசில் நோயாளியைப் பார்ப்பது என்று கேரளத்தைப் பார்த்து நாம் வியக்கிறோம். நம் ஊரில் அது நானூற்றெழுபது வருஷத்துக்கு முன் நடந்தது. விட்ட இடத்துக்கு, அடிகளாரின் வாழ்க்கைக்கு வருகிறேன்.

அந்த வாழ்க்கை அமைதியாகப் போனதல்ல. 1550-களின் தொடக்கத்திலேயே புன்னக்காயல் தாக்கப்பட்டது, போர்த்துகீசியர் சிறைப்பட்டார்கள். ஒரு பக்கம் நாயக்கர் படையின் வரி நெருக்கடி, இன்னொரு பக்கம் கடலில் எதிரிக் கப்பல்கள், நடுவில் போர்த்துகீசியக் கேப்டன்களின் பேராசை. 1560-இல் போர்த்துகீசியர் மன்னாரில் கோட்டை கட்டினார்கள். முத்துக்குளித்துறை ஜனங்களில் பெருந்தொகையானவர்கள் வள்ளங்களில் ஏறி அங்கே குடிபெயர்ந்தார்கள். அடிகளாரும் கூடவே போனார். பாதுகாப்பு என்று நம்பிப் போன இடத்தில் கொள்ளைநோய் காத்திருந்தது. நிறையப் பேர் செத்தார்கள். பிறகு மெல்ல மெல்ல ஜனங்கள் இந்தக் கரைக்கே திரும்பினார்கள். அடிகளாரும் வந்தார்.

ஊர் ஒருமுறை இப்படிக் கலைந்து கூடியதில் எத்தனை காரியம் முதலிலிருந்து தொடங்கவேண்டி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவர் சலிக்கவில்லை. பிற்காலத்தில் இங்கே கருணைச் சபை என்ற ஒரு கூட்டத்தை ஏற்படுத்தினார். ஊர்க்காரர்களில் தேர்ந்தெடுத்த சிலர் அதில் இருந்தார்கள். பக்தி முயற்சிகளோடு ஏழைகளையும் நோயாளிகளையும் கவனிப்பதும் அவர்கள் வேலை. பாதிரியார் ஒருவரால் எல்லா வீட்டுக்கும் போக முடியாது என்பதை அவர் நெடுநாள் அனுபவத்தில் தெரிந்துகொண்டிருந்தார். கன்னியாகுமரிப் பக்கமிருந்து ராமேஸ்வரம் பக்கம் வரை நீளுகிற கரை. ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளை வைத்து, ஞானஸ்நானம், கல்யாணம், சாவு என்று செய்தி அனுப்பச் சொல்லி நடத்திய காலம் அது.

அச்சு வேலையும் இதே தேவையிலிருந்துதான் வந்தது. போகமுடியாத வீட்டுக்குப் புத்தகம் போகும். 1577-இல் கோவாவில் தமிழ் எழுத்துகளை வார்த்துப் பார்த்தார்கள். அவை திருப்தியாக இல்லை. மறுவருஷம் கொல்லத்தில் புதிதாக வார்த்தார்கள். அதில் வந்ததுதான் தம்பிரான் வணக்கம். அதன் ஒரே பிரதி இன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 1579-இல் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’. 1580-இல் ‘கொம்பெசியொனாயரு’, அதாவது பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு. 1586-இல் புனிதர்களின் வரலாறுகளைச் சொல்லும் ‘அடியார் வரலாறு’, பெரிய புத்தகம். இந்த அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்களும் இந்தக் கரைப் பரதவர்கள்தான். முத்துக் குளித்த காசு ஈய எழுத்தாக மாறியது.

இவற்றில் என் மனதுக்கு நெருக்கமானது 1580-ஆம் ஆண்டுக் கையேடுதான். பாவசங்கீர்த்தனம் என்பதை இன்றைய பிள்ளைகள் சடங்காக நினைக்கலாம். சாகக் கிடக்கிற ஒருவருக்கு அன்று அது என்னவாக இருந்தது? மனதில் உள்ளதை மறைக்காமல் சொல்ல ஒரு இடம். சொல்லத் தெரியாதவருக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்று வழிகாட்ட ஒரு தமிழ்ப் புத்தகம் போட்டிருக்கிறார் அந்த மனிதர், தமக்கு அறுபது வயதானபோது.

வயதான காலத்தில் தலைமைப் பொறுப்பை விட்டுவிட்டாலும் இந்தக் கரையை விட்டு அவர் போகவில்லை. திரும்பிப் போர்த்துகல் போகவும் இல்லை. 1547-இல் வந்தவர் 1600-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புன்னக்காயலில் இறந்தார். வயது 80. 53 வருஷம் இந்தக் கரையில். வாழ்நாள் முழுக்க உடம்பு சரியில்லாமல் இருந்தவர் அத்தனை வயது இருந்தது அந்தக் காலத்தில் அதிசயம்தான். அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் இந்த ஜனங்கள்தான்.

உடலைக் கடல் வழியாகத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். அன்றைக்குச் சுற்றுப்புற ஊர்களில் பிற மதத்தாரும் கடையடைத்து நோன்பிருந்தார்கள் என்று வழிவழியாகச் சொல்வது உண்டு.

போன கூட்டத்தின் முடிவை இதோடு தெரிவிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சிகிச்சைக்குப் போகிறவர்களோடு துணைக்குப் போகச் சம்மதிப்பவர்கள் பெயரைச் சங்க நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் தொழிலுக்குப் போகிற ஆண்கள். அவர்களுக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை மட்டும். கரண்ட் வைக்கிற இடத்தில் ஞாயிறு லீவு. ஆகவே வார நாட்களில் கையில் நேரம் உள்ள அக்காமார்களும் ரிட்டயர் ஆன அண்ணாச்சிமார்களும் பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். எந்தக் கிழமை முடியும் என்பதையும், கைபேசி எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.